ஆடு நிமிர்ந்து பார்த்தது

அண்ணனுக்குச் சினிமாப் பைத்தியம் எப்போது பிடித்தது என்று கேட்டால் எங்கள் வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள். எனக்குத் தெரிந்து அது ஒரு சாயங்காலம். தறியில் உட்கார்ந்திருந்தவன் ஊடு நூல் கொண்டுபோகிற நாடாவை ஓட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டான்.

"ஆடு புலி ஆட்டத்துல கல்ல நாம நவுத்தறோம். அது கல்லுக்குத் தெரியாது. ஒரே ஒரு கல்லுக்கு மட்டும் தெரிஞ்சிடுச்சின்னு வச்சிக்கோ. அது இன்னா பண்ணும்?"

நான் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். "இன்னா பண்ணும்? உன்ன மாதிரி வேல செய்யாம குந்திக்கினு இருக்கும்" என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. ராட்டையை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தேன். இந்த வீட்டில் சோறு, சாயம், சரிகை தவிர வேறு எதையாவது பற்றி ஒருவர் என்னிடம் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. எழுபதுகளின் தொடக்கம்.

இன்றைக்கு அண்ணன் பேத்தி கைபேசியில் விரலால் தட்டித் தட்டி ஒருவனை ஓடவும் அடிக்கவும் வைக்கிறாள். அவனுக்கு அவள் விரல் தெரியுமா என்று நான் கேட்டால், "அத்தப்பாட்டி, அது வெறும் கேம்" என்கிறாள். வெறும் கேம்தான். நாங்களும் வெறும் கேமைத்தான் படமெடுத்தோம்.

ஆடு புலி ஆட்டத்துக்கு எங்கள் ஊரில் பலகை தேட வேண்டாம். எந்த மண்டபத்தில் உட்கார்ந்தாலும் தரைக்கல்லில் யாரோ எப்போதோ செதுக்கிய கோடு இருக்கும். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி ஆட்டைத் தாண்டினால் ஆடு செத்தது. ஆடுகள் சூழ்ந்துகொண்டு புலியை நகரவிடாமல் செய்தால் ஆடு ஜெயித்தது. அண்ணன் சொன்ன கதையில் கடைசி ஆட்டுக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. தன்னைத் தூக்கி வைக்க மேலே ஒரு கை இருக்கிறது என்று. அதன் பிறகு அது முறை வரும் வரை காத்திருப்பதில்லை. கம்பை எடுத்துப் புலிகளை அடிக்கிறது. கடைசியில் கோட்டையே தாண்டி ஆட்டத்தை விட்டு வெளியே குதிக்கிறது.

கதை இருந்தது, கேமரா? அதற்குச் சித்தப்பா வந்தார். நைனாவின் தம்பி அவர். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். சிங்கப்பூரில் கடை வேலையில் இருந்த சித்தப்பா லீவில் வந்தபோது, முதலாளியிடம் இரவல் வாங்கிய உள்ளங்கை அளவு கேமரா ஒன்றும், சொந்தமாக வாங்கிய பழைய புரொஜக்டர் ஒன்றும் கொண்டுவந்திருந்தார். கேமரா அவரோடு திரும்பிப் போயாக வேண்டும். மிச்சம் இருந்தது மூன்றே ஃபிலிம் சுருள்.

நைனா முதலில் கத்தினார். எங்கள் தறியில் புடவை உடலோடு வேறு நிறக் கரையைக் கோத்து நெய்கிற கோர்வைக்கு இரண்டு பேர் வேண்டும். அண்ணன் போய்விட்டால் நைனாவின் கை பாதி. அண்ணனோ மெட்ராஸுக்குப் போய் ஸ்டுடியோவில் கேமரா தூக்குகிற வேலையாவது செய்கிறேன் என்று ஒரு வருஷமாகத் தொணதொணத்துக்கொண்டிருந்தான். சித்தப்பா நடுவில் பேசிப் பேசி, நைனா ஒரு முடிவுக்கு வந்தார். வாசலில் நின்று, தெருவே கேட்கச் சொன்னார்.

"அந்த ஆடு தாண்டறது படத்துல வரட்டும். நாலு பேர் பாத்து வாயப் பொளக்கட்டும். மெட்ராஸுக்குப் போ, நான் தடுக்கல. வரலன்னா தறியில வந்து குந்து. அப்புறம் சினிமான்னு வாயத் தொறந்த, தெரியும் சேதி."

அண்ணன் தலையை ஆட்டினான்.

அமாவாசையன்று தறிகளுக்கு விடுமுறை. அன்று செவிலிமேட்டுப் பக்கம் பாலாற்று மணலில் எங்கள் தெரு ஆண்களில் பாதிப் பேர் இருந்தார்கள். நான் சுண்ணாம்புப் பொடியால், ஒரு பனைமர நீளத்துக்கு, ஆட்டக் கோடுகளை மணலில் போட்டேன். கோடு சேருகிற ஒவ்வொரு இடத்திலும் வெள்ளை வேட்டி, வெள்ளை பனியனோடு ஓர் ஆடு. கடைசி ஆடாக நடித்தவர் ஐயம்பேட்டைக்காரர். விவசாயக் குடும்பம், அண்ணனின் சிநேகிதர், சிலம்பம் சுற்றினால் கம்பு கண்ணுக்குத் தெரியாது. புலிகளாகச் சாயப்பட்டறை ஆட்கள் மூன்று பேர். அவர்கள் வேஷத்துக்கு மஞ்சள் குழைத்துப் பூசுவார்கள் என்று பார்த்தால், கெட்டியாக நிற்கட்டும் என்று பட்டுக்குப் போடுகிற சாயத்தையே உடம்பெல்லாம் பூசிக்கொண்டு வந்துவிட்டார்கள். பட்டில் பிடிக்கிற சாயம் தோலில் பிடிக்காதா? பத்து நாளைக்குப் போகவில்லை. அதில் ஒரு புலி அந்த வாரமே பெண் பார்க்கப் போய், மஞ்சள் கன்னத்தோடு பஜ்ஜி தின்றுவிட்டு வந்தது.

முதல் இரண்டு சுருளும் அன்றைக்கே சண்டைக்குத் தீர்ந்தன. சித்தப்பா கூடவே இருந்து ஃபிலிம் மாற்றிக் கொடுத்தார். அந்த ஃபிலிம் ஒரு விசித்திரமான சாமான். இரண்டு கரை உள்ள துணி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை ஓடும்போது ஒரு கரையில் மட்டும் படம் விழும். காலியான உருளை இருந்த இடத்தில் நிறைந்த உருளையை அப்படியே வைத்து மறுபடி ஓட்டினால், இன்னொரு கரையில் விழும். கழுவுகிறவர்கள் நடுவில் கிழித்து ஒட்டித் தருவார்கள். வெளிச்சம் படாமல் மாற்ற வேண்டும். என் விரல்களைப் பார்த்துவிட்டுச் சித்தப்பா சொன்னார்.

"பட்டு இழைய கண்ண மூடிக்கினு முடிச்சு போடறவ நீ. மூணாவது ரோல நீயே பாத்துக்கோம்மா. நெறஞ்சத எடுத்து காலி எடத்துல வை. அவ்ளோதான்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பாக்கி இருந்தது இரண்டு காட்சி. ஆடு நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கோட்டைத் தாண்டுவது ஒன்று. அது பார்க்கிற அந்தக் கை இன்னொன்று. கையை எப்படி வானத்தில் காட்டுவது என்று அண்ணன் மண்டையைப் பிய்த்துக்கொண்டான். கேமராவுக்கு முன்னால் தன் கையை நீட்டிப் பார்த்தான். சித்தப்பா சிரித்துவிட்டு, அது கலங்கிப் போன மேகம் மாதிரித்தான் விழும் என்றார். கடைசியில் தோற்றுப்போய், கையைத் தனியாகவும் ஆட்டைத் தனியாகவும் காட்டிவிடுவது என்று முடிவு செய்தான். பார்க்கிறவர்கள் புரிந்துகொள்ளட்டும் என்றான். குரலில் சுரத்தே இல்லை.

சித்தப்பா ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள். அவர் சொந்தக்காரர் வீடுகளுக்குச் சொல்லிக்கொள்ளப் போயிருந்தார். காலையில் குளக்கரை மண்டபத்தில் கைக் காட்சி. கையைக் கொடுத்தவர் நைனாவேதான். வேறு யார் கையும் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. நாடா இடித்துக் கறுத்துப்போன பெருவிரல் நகமும், முறுக்கேறிய நரம்பும், அது கைதான். சும்மா நடிக்கத் தெரியாது, நிஜமாக ஆடினால்தான் கை ஓடும் என்றார் நைனா. அதனால் எதிரில் நான் புலி ஆடினேன். மண்டபம் முழுக்க இருட்டு, ஒரே ஒரு தூண் சந்தில் வந்த வெயில் அவர் கைமேலும் கல்லில் இருந்த கோடுகள்மேலும் மட்டும் விழுந்தது. அண்ணன் என் பக்கத்தில் இருந்து எடுத்தான். மேலிருந்து நைனாவின் கை இறங்கும், கல்லைத் தொடும், போகும்.

ஃபிலிம் முடிகிற நேரம். நைனா ஒரு கல்லைத் தூக்குவதற்காகக் கையை இறக்கினார். என் புலி எங்கே தாண்டும் என்று அப்போதுதான் பார்த்தார் போலிருக்கிறது. கை அப்படியே அந்தரத்தில் நின்றது. விரல்கள் விரிந்தன. கல்லைத் தொடாமலே கை மெதுவாக மேலே போய்விட்டது.

"தொட வந்துட்டு எடுக்கறியே நைனா" என்றான் அண்ணன்.

"அத நவுத்தறது தப்பான ஆட்டம்டா. நான் ஏன் ஆடணும்?" என்றார் அவர். கேமரா நின்றுவிட்டது.

இப்போது என் வேலை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு உள்ளே கையை விட்டேன். நிறைந்த உருளை கைக்கு வந்தது. அதன் மேலே இருந்தது ஃபிலிமின் கடைசி நுனி. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். நூல் சுற்றி முடித்த உருளையை, கடைசி நுனி மேலே இருக்க, அடுத்த வேலைக்குக் கொடுக்கவே மாட்டோம். இன்னொரு தடவை சுற்றி முதல் நுனியை மேலே கொண்டுவந்துதான் கொடுப்போம். அப்படிச் செய்யாதவளை நூல் சுற்றத் தெரியாதவள் என்பார்கள். சித்தப்பா என்னவோ சொன்னார்தான். கடை வேலை பார்க்கிற மனுஷர், நூல் ஒழுங்கு அவருக்கு என்ன தெரியும்? நூலைப் பற்றி எனக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டுமா? கம்பளிக்குள் இருட்டில், வியர்க்க வியர்க்க, ஃபிலிம் முழுவதையும் பழைய உருளைக்கே சுற்றி, முதல் நுனியை மேலே கொண்டுவந்து, அழகாகப் பொருத்தினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. சரியாகத்தான் செய்திருக்கிறேன் என்று எழுந்து வந்தேன்.

மத்தியானம் பாலாறு. வானம் கறுத்துக்கொண்டு வந்ததால் அண்ணன் மேகத்தையெல்லாம் திட்டித் தீர்த்தான். மணலில் மல்லாந்து படுத்துக்கொண்டு எடுத்தான். படத்தில் பாதிக்குமேல் வானம்தான். மஞ்சள் போகாத மூன்று புலிகளும் சுற்றி நிற்க, ஐயம்பேட்டைக்காரர் கம்பைச் சுழற்றினார், நின்றார், அண்ணன் கை காட்டியதும் நிமிர்ந்து மேலே பார்த்தார். அப்புறம் கம்பை ஊன்றி ஓர் எம்பு. என் சுண்ணாம்புக் கோட்டுக்கு அப்பால், மணல் எடுத்த பெரிய பள்ளத்தையும் தாண்டி அந்தப் பக்கம் போய் விழுந்தார். கணுக்கால் பிசகிவிட்டது. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வர, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "உழுந்துச்சாபா படத்துல?" என்றார். ஃபிலிமும் அதோடு முடிந்தது.

அன்று சித்தப்பா பெட்டி கட்டும்போது சாதாரணமாகக் கேட்டார். "நெறஞ்ச ரீல அப்படியேதானே வச்ச?"

"அப்படியே எப்படி வைக்கிறது சித்தப்பா? சுத்தி மொத நுனிய மேல கொண்டாந்துதான் வச்சேன்."

அவர் மடித்த சட்டையைக் கீழே வைத்துவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். அப்படியானால் ஒரே கரையில் இரண்டு தடவை ஓடியிருக்கிறது, படத்தின் மேலேயே படம் விழுந்திருக்கும், இதுவும் தெரியாது அதுவும் தெரியாது, இன்னொரு கரை வெறும் கறுப்பு. "போச்சும்மா" என்றார். "அண்ணங்கிட்ட நீயே சொல்லிடு."

நான் சொல்லவில்லை. பம்பாய்க்குத் தபாலில் போன ஃபிலிம் கழுவி வர மூன்று வாரத்துக்குமேல் ஆயிற்று. அத்தனை நாளும் அண்ணன் தறியில் பாடிக்கொண்டே நெய்தான். ஐயம்பேட்டைக்காரர் காலில் கட்டோடு சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வந்து, தபால் வந்ததா என்று கேட்பார். ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போய் உயிர் வரும். என் வழக்கத்தாலும் என் திமிராலும் அண்ணனைத் தறிக்குழியில் பூட்டி வைத்துவிட்டேன் என்று நினைத்து, நூல் சுற்றும்போதெல்லாம் அழுதேன். சாயத் தண்ணீர் கண்ணில் பட்டுவிட்டது என்று அம்மாவிடம் பொய் சொன்னேன்.

தபால் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் தறிக்கூடத்தில் ஜன்னலுக்கும் கதவுக்கும் கோணி கட்டினோம். சுவரில் நைனாவின் வேட்டி. தெருவே உள்ளே. புரொஜக்டர் வெளிச்சம் தறியில் இழுத்துக் கட்டியிருந்த அரக்கு நிறப் பாவு நூலின் மேலாகப் போனது. முதல் இரண்டு சுருளுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. மஞ்சள் புலிகள் ஓடின, ஆடுகள் சறுக்கி விழுந்தன. ஒருவன் வேட்டி அவிழ்ந்ததைப் பார்த்து அவன் பெண்டாட்டியே கை தட்டினாள். அண்ணன் மூன்றாவது சுருளை மாட்டினான். நான் கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டேன். ஓடிவிடலாம் என்றுதான்.

வேட்டியில் ஐயம்பேட்டைக்காரர் கம்பு சுழற்றினார். அவருக்கு மேலே, பாலாற்றுக் கருமேகத்தில், ஒரு கை இறங்கியது.

இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் எனக்குக் கை மயிர் நிற்கும். மண்டபத்து இருட்டெல்லாம் எங்கேயோ போய்விட்டது. வெயில் பட்ட கை மட்டும் வெள்ளை வெளேரென்று, வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு, மனிதர்களை விடப் பெரிதாக இறங்கி வந்தது. ஒவ்வொரு நரம்பும் தெரிந்தது. மணலில் நான் போட்ட கோடும், மண்டபத்துக் கல்லில் இருந்த கோடும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடந்தன. கை ஒரு புலியின் தலைக்கு மேல் வந்து போயிற்று. புலி நகர்ந்தது. பிறகு அந்த ஆடு நின்றது. நிமிர்ந்து பார்த்தது. நேராக அந்தக் கையைப் பார்த்தது. கை அதன் தலைக்கு மேலே வந்து அந்தரத்தில் அப்படியே நின்றது. ஆடு கம்பை ஊன்றி எம்பியது. விரல்கள் விரிந்தன. ஆடு பள்ளத்தைத் தாண்டிப் போகப் போக, கை அதைத் தொடாமல் மேலே, மேலே போய் மறைந்துவிட்டது.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நைனாவின் கைக்கு அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டது அதுதான் முதலும் கடைசியும்.

அதன் பிறகு கறுப்பு. நான் விட்டுவிட்ட அந்த இன்னொரு கரை, ஓடிக்கொண்டே இருந்தது. அதுவும் படம்தான் என்று நினைத்தோ என்னவோ, ஒருவரும் அசையவில்லை. கோணியை அவிழ்த்தோம். முதலில் ஐயம்பேட்டைக்காரர்தான் வாய் திறந்தார். "நான் நிமுந்து பாத்தப்ப அங்க ஒண்ணும் இல்லபா. மேகந்தான் இருந்துச்சு. சத்தியமா சொல்றேன்."

"இன்னொரு தபா போடு" என்றார் நைனா. இன்னொரு தடவை பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "இத நீ பண்ணியா?" என்று அண்ணனைக் கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மெட்ராஸ். நான் மனசுக்குள் சொல்லு, சொல்லு என்கிறேன். அந்த மடையன் சொன்னான். "இல்ல நைனா. ரெண்டையும் தனித்தனியாதான் எடுத்தேன். எப்படி ஒண்ணாச்சுன்னு எனக்கே புரியல."

எல்லாம் கெட்டது என்று நினைத்து நான் முன்னால் வந்தேன். கம்பளி, உருளை, முதல் நுனி, சித்தப்பா சொன்னது, மூன்று வாரம் மறைத்தது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். நைனா கேட்டுக்கொண்டே இருந்தார். முதல் நுனியை மேலே கொண்டுவந்த இடத்தில் அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"ஆடு தாண்டறது வரணும்னு சொன்னேன், வந்துடுச்சு. நாலு பேர் வாயப் பொளந்துட்டாங்க. போய்ட்டு வாடா" என்று அண்ணனிடம் சொன்னார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "ஞாயமா பாத்தா மெட்ராசுக்கு இவளதான்பா அனுப்பணும்!"

கூடமே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. நிமிர்ந்து நைனாவைப் பார்த்தேன். எனக்கும் போக ஆசை என்பது அந்த நிமிஷம்தான் எனக்கே தெரிந்தது.

"போறேன் நைனா" என்றேன்.

அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அம்மா என் முதுகில் செல்லமாக ஒன்று போட்டாள். அண்ணன் ஒருவன்தான் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

அடுத்த அமாவாசையன்று அவன் பஸ் ஏறினான். ஏறுவதற்கு முன்னால் மூன்றாவது சுருளை என் கையில் வைத்து, "இது உன்னுது" என்றான். தறியில் அவன் இடத்தில் உட்கார்ந்து கோர்வைக்கு நான் நாடா எறிந்தேன். புரொஜக்டர் விளக்கு எப்போதோ அவிந்துவிட்டது. இப்போதும் சில நாள் மத்தியானத்தில் சுருளைப் பிரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பேன். ஓர் அரிசி அளவுக்குள் ஆறு, மேகம், கை, அத்தனையும் இருக்கிறது. அந்த ஆடு நிமிர்ந்து பார்க்கிற இடம் வந்ததும் சுருளை நகர்த்தாமல் நிறுத்திவிடுவேன். வெகு நேரம் அதையே பார்ப்பேன். அப்புறம் முதல் நுனி மேலே இருக்கும்படி சுற்றிப் பெட்டியில் வைத்துவிடுவேன்.